சித்த, ஆயுர்வேத ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், அரும்பாக்கம், பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை எனச் சித்த மருத்துவம் கற்பிக்கும் இடங்களில் முதல் கட்டுரையை எழுத உட்காரும் மாணவர்களுக்கும், ஆயுர்வேதக் கல்லூரி மாணவர்களுக்கும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. கட்டுரைகள் எங்கே அதிகம் திருப்பி அனுப்பப்படுகின்றனவோ அங்கே அதிகம் பேசியிருக்கிறேன்.

எம்.டி. ஆய்வேடு கையில் இருக்கிறது. அதைச் சுருக்கினால் கட்டுரை ஆகிவிடாதா?

ஆகாது. நீங்கள் பாடத்தைக் கற்றுவிட்டீர்கள் என்று தேர்வாளருக்குக் காட்டுவது ஆய்வேடு. அதனால் அதில் நோயின் இயல், எண்வகைத் தேர்வு, மருந்தின் குணபாடம், நவீன மருத்துவ விளக்கம் எல்லாம் வரிசையாக வரும். கட்டுரைக்கு ஒரே ஒரு கேள்வி போதும். இந்த மருந்தை, இந்த நோயாளிகளுக்கு, இவ்வளவு நாள் கொடுத்தபோது என்ன நடந்தது? அந்தக் கேள்விக்கு வேலை செய்யாத பக்கங்களை வெட்டுங்கள். நூறு பக்கம் போனாலும் கவலைப்படாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஆய்வேடுகள் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறியிருக்கும். வரிகளை அப்படியே எடுத்தால், ஒப்புமை பார்க்கும் மென்பொருள் உங்கள் வரிகளையே திருட்டு என்று காட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் 10 சதவீதம் வரை ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கின்றன. இதழ்கள் தங்களுக்கென்று தனி அளவு வைத்திருக்கும். எனவே புதிதாக எழுதுங்கள். இதழாசிரியருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘இது என் முதுநிலை ஆய்வேட்டிலிருந்து உருவானது’ என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தப் பகுதியை முதலில் எழுதுவது?

செய்முறை. அடுத்து அட்டவணைகளும் முடிவுகளும், பிறகு விவாதம், முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசியில். முன்னுரையில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சித்தர் வரலாற்றிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மூலிகையின் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் கொடுத்தால் போதாதா?

போதாது. நம் துறைக் கட்டுரைகள் மிக அதிகமாகச் சறுக்குவது இங்கேதான்.

கரிசலாங்கண்ணி என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் வெள்ளைப் பூ உள்ளதும் வரும், மஞ்சள் பூ உள்ளதும் வரும். முன்னது எக்லிப்டா ப்ராஸ்ட்ராட்டா, பின்னது ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பேரினமே வேறு. ஆயுர்வேதத்தில் சங்குபுஷ்பி இதைவிடச் சிக்கலானது. மருந்துத் தரநூல் கான்வால்வுலஸ் செடியைச் சொல்கிறது. கேரளத்தில் நம் காக்கணங்கொடியை எடுக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் நாம் விஷ்ணுகிராந்தி என்று அழைக்கும் செடி சங்குபுஷ்பியாக விற்கப்படுகிறது. மூன்றையும் வைத்து மூன்று பேர் நினைவாற்றல் ஆய்வு செய்து ஒரே பெயரில் வெளியிட்டால், நான்காவதாக வருபவர் எதை நம்புவார்? கீழாநெல்லிக்குப் பழைய கட்டுரைகள் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிவிடும். நம் வயல் வரப்பில் வளர்வது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி.

இது நோயாளியின் உயிரையும் தொடும் விஷயம். 2021இல் மும்பையில் சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் கட்டுரை எழுதினார்கள். நோயாளிகள் உட்கொண்ட மூலிகை ஆராயப்படவில்லை, அது டினோஸ்போரா கார்டிஃபோலியாவா அல்லது அதைப் போன்றே தோன்றும் டினோஸ்போரா கிரிஸ்பாவா என்று உறுதி செய்யவில்லை என்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வியை, சீந்தில் நல்லது என்று சொல்லும் நம் கட்டுரைகளிடமும் கேட்டாக வேண்டும். அவற்றில் எத்தனை, செடியை அடையாளம் காட்டியிருக்கின்றன? தீமை சொல்லும் கட்டுரைக்கு ஓர் அளவுகோல், நன்மை சொல்லும் கட்டுரைக்கு வேறு அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஆக, எழுத வேண்டியவை: பெயரிட்டவரின் சுருக்கத்துடன் முழுத் தாவரவியல் பெயர், குடும்பம், பயன்படுத்திய பாகம், எந்த ஊரில் எந்த மாதம் சேகரித்தது அல்லது எந்தக் கடையில் வாங்கியது, யார் அடையாளம் கண்டார், சான்று மாதிரியின் (உலர்த்திப் பாதுகாத்த அதே செடியின்) எண், அது வைக்கப்பட்டிருக்கும் உலர்தாவரகம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகமும் இருக்கின்றன. தற்போது ஏற்கப்பட்ட பெயர் எது என்பதைக் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் சரிபாருங்கள். பாகத்தை விட்டுவிடாதீர்கள். அமுக்கராவின் கிழங்கும் இலையும் ஒரே மருந்தல்ல.

இந்த வேலையைச் சோதனை தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். மருந்து தீர்ந்த பிறகு அடையாளச் சான்றிதழ் தேடி அலைவதில் பயனில்லை. அந்தச் சான்றிதழ் வேறொரு செடிக்குத்தான் கிடைக்கும்.

பல சரக்குகள் சேர்ந்த மருந்தை எப்படி விவரிப்பது?

நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்வோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று 9 சரக்குகள். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன விவரம் தேவை. அதற்குமேல் எடை, சுத்தி செய்த முறை, அரைத்த பருமன், எவ்வளவு நீர் விட்டு எவ்வளவாகக் குறுக்கினீர்கள், எத்தனை மணி நேரத்துக்குள் கொடுத்தீர்கள், அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது), பத்தியம் எல்லாம் வேண்டும். கடையில் வாங்கிய பொடியாக இருந்தால் தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள்.

எடையில் கவனம். சித்த மருந்து செய்முறை நூல்களின் கணக்கில் பலம் 35 கிராம், வராகன் 4.2 கிராம், குன்றிமணி 130 மில்லிகிராம். ஆயுர்வேத செய்முறை நூலில் பலம் 48 கிராம். ‘ஒரு பலம்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் எந்த மரபிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடும். மூலநூல் அளவையும் எழுதுங்கள், பக்கத்திலேயே கிராமையும் எழுதுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயாளி குடிப்பது நீரில் காய்ச்சிய குடிநீர். ஆனால் பரிசோதனைக்கூடத்தில் மெத்தனாலில் சாறு எடுத்து, செல்லில் சோதித்து, ‘ஆகவே குடிநீர் பயன் தரும்’ என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். மெத்தனால் கரைத்து எடுப்பதும் நீர் கரைத்து எடுப்பதும் ஒன்றல்ல. எதை மக்கள் குடிக்கிறார்களோ அதையே சோதியுங்கள். அதன் வேதி அடையாளத்தை எச்.பி.டி.எல்.சி. (சேர்மங்களை மெல்லிய தகட்டில் பிரித்துக் காட்டும் முறை) படமாகக் கொடுங்கள், நிலவேம்பு இருந்தால் அதன் முக்கியச் சேர்மமான ஆண்ட்ரோகிராபோலைடு எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். கணினியில் மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்த முடிவை மட்டும் கொண்டுவரும் கட்டுரைகளையும், ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை ஒன்றையே நம்பிய கட்டுரைகளையும் இத்துறையின் நல்ல இதழ்கள் இப்போது வாசலிலேயே திருப்பிவிடுகின்றன.

பற்பம், செந்தூரம் போன்ற, உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் மருந்துகள் பற்றி எழுதினால் வெளிநாட்டு இதழ்கள் ஏற்குமா?

ஏற்கும், ஆனால் சந்தேகத்தோடுதான் படிக்கத் தொடங்குவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்று, பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருப்பதைக் கண்டது. உங்கள் மதிப்பாய்வாளர் அந்தக் கட்டுரையைப் படித்தவராகவே இருப்பார்.

‘முறையாகச் சுத்தி செய்தால் நஞ்சில்லை’ என்ற ஒரு வரி அவரை அசைக்காது. எந்தச் சாற்றில் எத்தனை நாள் அரைத்தீர்கள், எத்தனை புடம், எத்தனை வறட்டி, புடத்தின் வெப்பநிலை என்ன, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் எந்தச் சேர்மம் தெரிந்தது, துகளின் அளவு என்ன, நோயாளிகளின் கல்லீரல், சிறுநீரகச் சோதனை எண்கள் மருந்துக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தன என்பதெல்லாம் கட்டுரையில் இருக்க வேண்டும். மூலிகை மட்டுமே உள்ள மருந்தென்றால் ஈயம் 10 பிபிஎம், ஆர்சனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1 என்ற வரம்புகளுக்குள் இருப்பதைச் சோதனை அறிக்கையோடு காட்டுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறது. சிடிஆர்ஐ பதிவும் வேண்டுமா?

மனிதர்களிடம் மருந்தைச் சோதித்தால் வேண்டும், அதுவும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் (சிடிஆர்ஐ) 2007இல் தொடங்கியது; 2018 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே தொடங்கிவிட்ட சோதனைகளை அது பதிவதில்லை. முதுநிலை ஆய்வேடுகளையும் பதியலாம், கட்டணம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இலங்கையின் தனிப் பதிவகம் இருக்கிறது. விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் தனியாகத் தேவை.

பதிவு செய்யாமல் முடித்துவிட்ட ஆய்வு என்றால், அதை மறைக்க முயலாதீர்கள். பதியப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதி, அதை ஏற்கும் இதழைத் தேடுங்கள். கதவுகள் குறைவாகவே திறந்திருக்கும்.

40 நோயாளிகள், ஒப்பீட்டுக் குழு இல்லை. எல்லோருக்கும் குணம் தெரிந்தது. இதை வெளியிடலாமா?

வெளியிடலாம். ‘மருந்து நோயைக் குணப்படுத்துகிறது’ என்ற முடிவை மட்டும் எழுத முடியாது. மூட்டுவலி கூடும்போதுதான் மக்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். சில வாரத்தில் தானாகவே கொஞ்சம் தணியும். அக்கறையாகப் பார்க்கும் மருத்துவர், பத்தியம், ஓய்வு எல்லாமே எண்ணை மாற்றும். ஒப்பீட்டுக் குழு இல்லாதபோது இவற்றையும் மருந்தையும் பிரித்தறிய வழியில்லை. ‘மருந்து உட்கொண்ட காலத்தில் வலி அளவு இவ்வளவு குறைந்தது, பாதகம் இவ்வளவு, அடுத்து ஒப்பீட்டுச் சோதனை தேவை’ என்று எழுதுங்கள். அது நேர்மையான, பயனுள்ள கட்டுரை.

புள்ளியியல் பகுதியில் பி-மதிப்பை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள். சராசரி எவ்வளவு மாறியது, அதன் நம்பக எல்லை என்ன என்பதைக் கொடுங்கள். பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்பதும் வேண்டும். ‘நல்ல முன்னேற்றம், மிதமான முன்னேற்றம், சிறு முன்னேற்றம்’ என்ற பிரிவுகள் ஆய்வேட்டில் வழக்கம். எந்த எண்ணுக்கு மேல் ‘நல்ல’ என்று முன்கூட்டியே வரையறுக்காவிட்டால் அவற்றுக்கு மதிப்பில்லை.

ஒப்பீட்டுக் குழு வைக்க முடிந்தவர்களுக்கு வேறு கவலை: கசப்பான குடிநீருக்குப் போலி மருந்து எப்படிச் செய்வது? ஒரே கசப்பு, ஒரே நிறம், ஆனால் மருந்துக்குணம் இல்லாதது கிடைப்பது கடினம். குடிநீரை மாத்திரையாக்கினால் அது வேறு மருந்து ஆகிவிடும். இப்படிப்பட்ட நேரத்தில் நோயாளிக்கு மறைப்பது முடியாமல் போகலாம். விளைவை அளப்பவருக்காவது யார் எந்தக் குழு என்று தெரியாமல் வையுங்கள். மருத்துவச் சோதனைகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் கான்சார்ட் வழிகாட்டியின் 2006 மூலிகை விரிவாக்கம் மருந்து விவரத்தோடு போலி மருந்தைப் பற்றியும் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறது. ஆய்வைத் திட்டமிடும் நாளிலேயே அதைப் படித்துவிடுங்கள்.

ஒரே ஒரு நோயாளி, அசாதாரணமான குணம். எழுதலாமா?

தாராளமாக. தனி நோயாளி அறிக்கைகளுக்கான கேர் என்ற வழிகாட்டியைப் பின்பற்றுங்கள். நாள்வாரியான கால வரிசை, முந்தைய சிகிச்சை, கூடவே எடுத்த ஆங்கில மருந்துகள், சோதனை அறிக்கைகள், நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். நாடி, நாக்கு, நீர்க்குறி, நெய்க்குறி (சிறுநீரையும், அதில் விட்ட எண்ணெய்த் துளியையும் பார்த்து அறிவது) கண்டதை முழுமையாக எழுத நமக்கு இடம் கிடைப்பது இந்த வகையில்தான். அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

சித்தர் பாடலே ஆதாரம் ஆகாதா?

ஒரு மருந்து எந்த நோய்க்கு, எப்படிப் பயன்பட்டது என்பதற்குப் பாடல் ஆதாரம். இன்றைய நோயாளிக்கு எவ்வளவு பயன் என்பதைச் சோதனைதான் சொல்லும். இரண்டையும் குழப்பாமல் வைத்தால் பாடலின் மதிப்பு கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

சீன விஞ்ஞானி டு யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைநூலில் ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருப்பதைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்துப் பொருளைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாறு எடுத்தார். அந்தப் பாதை ஆர்ட்டெமிசினினுக்கும் 2015 நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. பழைய நூலை அவர் புகழ்வதற்காகப் படிக்கவில்லை, செய்முறைக்காகப் படித்தார். நம் பாடல்களிலும் சாறா, குடிநீரா, சூரணமா, எந்த வேளையில், எதோடு என்ற விவரங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சோதிக்கத்தக்க ஒரு கருதுகோள்.

நம் நாட்டிலேயே சர்ப்பகந்தா இருக்கிறது. ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை அந்த வேரை உலக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இரத்த அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து எழுதியதால்தான் அதைப் படித்தவர்கள் தங்கள் நோயாளிகளிடமும் செய்துபார்த்தார்கள்.

மேற்கோள் காட்டும்போது நூல், பதிப்பு, பதிப்பகம், ஆண்டு, பாடல் எண் அல்லது பக்கம் கொடுங்கள். ஒரே நூலின் பதிப்புகளுக்கிடையே பாடபேதம் உண்டு. சரக்கின் அளவே மாறியிருக்கும். பாடலை எழுத்துப்பெயர்ப்பில் கொடுத்து, கீழே பொருளை எளிய உரைநடையில் தாருங்கள்.

வாதம், பித்தம், கபம் போன்றவற்றை ஆங்கிலக் கட்டுரையில் எப்படிக் கையாள்வது?

நம் சொல்லையே வைத்து, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சித்த, ஆயுர்வேத, யுனானிக் கலைச்சொற்களை வெளியிட்டிருக்கிறது. நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இம்முறைகளின் நோய்களுக்குக் குறியீடுகளும் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்தினால் மதிப்பாய்வாளரோடு சண்டை குறையும். உங்கள் நோயாளிகளை நவீன அளவுகோலாலும் கண்டறிந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிராமத்து வைத்தியரிடமோ பழங்குடியினரிடமோ கேட்டு எழுதுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

அவர்கள் சம்மதம். செய்தி எங்கே, யாருக்குப் போகும் என்று அவர்கள் மொழியில் விளக்கிப் பெற்ற சம்மதம். அகத்தியர் மலையின் காணிக்காரர்கள் 1987இல் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப் பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. உரிமக் கட்டணத்தில் பாதி அவர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது. இன்றும் உலகம் முழுவதும் பேசப்படும் உதாரணம் அது. எல்லாக் காணிகளையும் கேட்டார்களா என்ற விமர்சனமும் அதோடு சேர்ந்தே பேசப்படுகிறது. உங்கள் கட்டுரையில் அறிவைத் தந்தவர்களுக்கு நன்றியாவது இருக்கட்டும். அவர்கள் விரும்பினால் பெயரோடு. அரிய செடி என்றால் சரியான இடத்தை வெளியிடாதீர்கள், பறிப்பவர்கள் வந்துவிடுவார்கள்.

மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது.

எழுதிவிட்டால் யாராவது காப்புரிமை எடுத்துவிட மாட்டார்களா?

பெரும்பாலும் நிலைமை அதற்கு நேர்மாறு. அச்சில் இருப்பதை மற்றவர் புதிது என்று சொல்ல முடியாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானபோது காட்டிய சான்றுகளில், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் ஒன்று. நீங்களே உண்மையிலேயே புதிய ஒன்றைக் கண்டிருந்தால் மட்டும் விண்ணப்பித்த பிறகு வெளியிடுங்கள். மரபறிவை அப்படியே காப்புரிமை ஆக்க இந்தியச் சட்டத்தின் 3(p) பிரிவு இடம் தராது.

துறைத்தலைவர் பெயரைப் போட வேண்டுமா?

ஆய்வைத் திட்டமிட்டோ, தரவைப் பகுத்தோ பங்களித்து, கட்டுரையை எழுதியோ திருத்தியோ, இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டு, அதற்குப் பொறுப்பேற்பவரே கட்டுரையாசிரியர். நான்கும் சேர்ந்தால்தான். மற்றவர்களுக்கு நன்றியுரை. இதைக் கட்டுரை முடிந்த பிறகு பேசினால் மனக்கசப்பு வரும். ஆய்வு தொடங்கும்போதே கைடோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போட முடியாது. மொழி திருத்தப் பயன்படுத்தினால் அறிவியுங்கள். அது தரும் மேற்கோள்களை மூலத்தில் பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள்.

எந்த இதழுக்கு அனுப்பலாம்? மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறதே?

மூன்று நாளில் யாரும் உங்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது. பணம் கேட்பது மட்டுமே ஏமாற்றின் அடையாளம் அல்ல. நல்ல திறந்த அணுக்க இதழ்களும் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. படிக்காமல் ஏற்பதுதான் அடையாளம். ஏற்கத்தக்க இதழ்களுக்கென மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், இனி நீங்களே பார்க்க வேண்டும். இதழ் ‘நாங்கள் ஸ்கோபஸில் இருக்கிறோம்’ என்றால் ஸ்கோபஸ் என்ற அந்த இதழ் அட்டவணைத் தளத்திலேயே தேடுங்கள். புகழ்பெற்ற இதழின் பெயரில் போலித் தளங்களும் உண்டு.

மரபறிவு, கள ஆய்வு என்றால் இண்டியன் ஜர்னல் ஆஃப் ட்ரெடிஷனல் நாலெட்ஜ். சித்தம் என்றால் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் இதழ். மருத்துவச் சோதனை என்றால் ஜர்னல் ஆஃப் ஆயுர்வேதா அண்ட் இன்டகிரேட்டிவ் மெடிசின். மருந்தியல் வலுவாக இருந்தால் 1979 முதல் வரும் ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி. அனுப்பும் முன் அந்த இதழின் கடைசி ஓராண்டுக் கட்டுரைகளைப் புரட்டுங்கள். உங்களுடையது போன்ற ஒன்றுகூட இல்லையென்றால் அது உங்கள் இடமல்ல.

மருந்து பயன் தரவில்லை என்று முடிவு வந்துவிட்டது. இதையும் எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுதுங்கள். இந்தத் துறையில் எல்லாக் கட்டுரையும் வெற்றியையே சொல்வதால்தான் வெளியே இருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். எந்த அளவில், எந்த நோயாளிகளிடம் வேலை செய்யவில்லை என்று அச்சிட்டால், அடுத்த மாணவர் அதே இரண்டு வருடத்தையும் அதே நோயாளிகளின் பொறுமையையும் மறுபடி செலவழிக்க மாட்டார்.

மதிப்பாய்வாளருக்குச் சித்த மருத்துவமே தெரியவில்லை. என்ன பதில் எழுதுவது?

அவருக்குப் புரியாத இடம் மற்ற வாசகர்களுக்கும் புரியாது என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விரித்து எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்பையும் எண்ணிட்டு, என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று பதில் கொடுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததைக் காரணத்தோடு மறுக்கலாம். மரபைத் தாழ்த்திச் சொன்ன வரி இருந்தால் கோபம் வரும். பதிலை இரண்டு நாள் கழித்து எழுதுங்கள்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால்?

இதழாசிரியருக்கு உடனே எழுதுங்கள். அளவு, பெயர், அட்டவணை எண் போன்றவை திருத்தக் குறிப்பாக வெளியாகும்; கட்டுரையோடு நிரந்தரமாக இணைக்கப்படும். செடியையே தவறாக அடையாளம் கண்டிருந்தால், திருத்தமா திரும்பப்பெறுதலா என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்யும். அதற்கு அவர்கள் கேட்பது உங்கள் சான்று மாதிரியையும் மூலத் தரவையும்தான். ஆய்வு முடிந்த பின்னும் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.